மிச்சம் பதினோரு நிமிஷம்

தம்பி,

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு யோக்கியதை இல்லை. பத்து வருஷமாகக் கேட்காத கேள்வியை, நீ ஊரைவிட்டுக் கிளம்பப் போகிறாய் என்று தெரிந்த பிறகு கேட்பது அசிங்கம். போன வாரம் நீ போனில் அனுப்பிய செய்தி வந்தது. "அப்பா, அடுத்த மாசம் குடும்பத்தோட பெர்த்துக்கே குடிபோறோம். சொல்லணும்னு தோணுச்சு." அவ்வளவுதான். வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. நான் பதில் போடவில்லை. அந்தச் சின்ன எழுத்துகளில் ஒன்றைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழுகிறது. பேசிப் பதிவு செய்து அனுப்பலாம் என்றால், என் குரலைக் கேட்டதும் நீ பாதியில் நிறுத்திவிடுவாய். பாதியில் நிறுத்துவது நம் குடும்பத்து வியாதி, அதை உனக்குப் பழக்கிவிட்டவனும் நான்தான். அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். கடிதம் என்றால் கடைசிப் பக்கத்தையாவது புரட்டிப் பார்ப்பாய் என்று ஒரு நப்பாசை.

நம் வீட்டுப் படத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். 'நம்ம படம்' என்றுதான் நாம் அதைச் சொல்வோம், அதன் சொந்தப் பெயரை யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. உனக்கு அப்போது மூன்று வயது இருக்கும். தீபாவளி மத்தியானம் டிவியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போட்டார்கள். எனக்கு அன்றைக்கும் வேலை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒரு மெஷின் படுத்துவிட்டது, பழுது பார்க்கிற ஆட்களில் அவர்கள் கைக்குக் கிடைத்தவன் நான் ஒருவன்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை காய்வதற்குள் கம்பெனி பஸ் ஏறினேன். உன் அம்மா வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முறுக்கையும் கோழிக்கறியையும் எடுத்து வைத்துக்கொண்டே, எனக்காக அந்தப் படத்தை வீடியோ டேப்பில் பிடித்து வைத்தாள். மூன்று மணி நேர டேப். படமே கிட்டத்தட்ட அவ்வளவு நீளம், நடுவில் பிஸ்கட் விளம்பரமும் சோப்பு விளம்பரமும் வேறு. டேப் போதவில்லை. படத்தில் வருகிற அப்பா கதவைச் சாத்துகிற காட்சியோடு டேப் தீர்ந்துவிட்டது. மிச்சப் படம் பதினோரு நிமிஷம், அது டேப்பில் ஏறவே இல்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் படம் முதலில் பிடிக்கவில்லை. எனக்கு அடிதடிப் படம்தான் பிடிக்கும், அதுவும் ஹாங்காங் படம். "மூணு மணி நேரமா அழுதுகிட்டே இருக்காங்க, இதையா புடிச்சு வெச்சே?" என்று உன் அம்மாவிடம் சலித்துக்கொண்டேன். "கல்யாணத்துக்கு முன்னாடி அக்காவும் நானும் டவுன் தியேட்டர்ல பார்த்தோம்ங்க. நல்ல படம். பொறுமையா பாருங்க" என்றாள். ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை, வேறு டேப் இல்லாத குறைக்கு மறுபடி போட்டேன். அன்றைக்குத்தான் அந்தப் படம் என்னைப் பிடித்தது.

கதை உனக்குத் தலைகீழ்ப் பாடம், இருந்தாலும் எழுதுகிறேன், எனக்காக. ஒரு பஞ்சாலை மேஸ்திரி. தெருவே அவர் பேச்சுக்குக் கட்டுப்படும். ஒரே மகன் நாடகக் கம்பெனியோடு ஓடிப்போகிறான், மூன்று வருஷம் கழித்துத் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்ட பெண்டாட்டியோடு வந்து வாசலில் நிற்கிறான். மேஸ்திரி படித்துக்கொண்டிருந்த பேப்பரை நான்காக மடித்து நாற்காலியில் வைக்கிறார். எழுந்து வருகிறார். "வெளியே போனவனுக்கு உள்ளே வேலை இல்லை" என்கிறார். கதவைச் சாத்துகிறார். கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. அந்த ஒரு காட்சிக்காக நான் அந்தப் படத்தின் மேல் பைத்தியமானேன். ஏன் என்று உனக்கு எப்போதும் சொன்னதில்லை. கம்பெனியில் நான் நாள் முழுக்கத் தலையாட்டுகிற ஆள். "போலே, பாஸ், போலே" என்று எல்லாவற்றுக்கும் சரி சொல்லியே முப்பது வருஷம் ஓட்டினேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன் வந்து, நான் கழற்றி மாட்டிய மெஷினை எனக்கே விளக்குவான், அதற்கும் தலையாட்டுவேன். வீட்டுக்கு வந்து அந்த மனுஷன் கதவைச் சாத்துவதைப் பார்த்தால் முதுகு கொஞ்சம் நிமிரும். பேப்பரை நான்காக மடிக்கிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீ ஒரு தடவை கேட்டாய். அங்கிருந்துதான்.

கதவு சாத்தியதும் டிவியில் படம் நடுங்கும், 'டக்' என்று ஒரு சத்தம் வரும், மெஷின் தானாகவே டேப்பைப் பின்னால் சுற்ற ஆரம்பிக்கும். நமக்குப் படத்தின் முடிவு அந்த 'டக்'தான். முதல் தடவை அந்தச் சத்தம் வந்தபோது உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் இருக்குங்க. அப்புறம் அந்த அப்பா என்ன பண்ணுவாருன்னா..." நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "கதையச் சொல்லாத. ஒரு நாளைக்கு நானே முழுசா பார்த்துக்கறேன்." அவள் சரி என்று உள்ளே போய்விட்டாள். எதையுமே சீரியஸாக எடுத்துக்கொள்கிற பெண், அதையும் அப்படியே எடுத்துக்கொண்டாள். "இன்னும் இருக்குங்க" என்று மட்டும் சொல்வாள், கதையை மட்டும் அவள் கடைசிவரை சொல்லவில்லை.

அந்த டேப்புக்குப் பூஞ்சை பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது. நம் ஜெலுத்தோங் பிளாட்டின் ஈரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. நான் டேப் பெட்டியின் திருகுகளைக் கழற்றி, கம்பெனியில் சர்க்யூட் பலகை துடைக்கிற ஆல்கஹாலும், நூல் உதிராத துணியும் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். நீ எதிரே உட்கார்ந்து உருளையில் பென்சிலை விட்டுச் சுற்றினாய், நான் டேப்பைத் துணிக்கு நடுவில் பிடித்துக்கொண்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. "இதுக்கு வேற புதுசு வாங்கிக்கலாம் லா, அப்பா" என்றாய். "இது நம்ம படம்டா. கடையில கிடைக்காது" என்றேன். அன்றைக்கு நான் சொன்னது பெருமையாக இருந்தது. அந்த மூன்று வாரத்தில்தான் நீ எல்லா வசனத்தையும் மனப்பாடம் செய்தாய், பென்சிலைச் சுற்றிக்கொண்டே மேஸ்திரி மாதிரிக் குரலைத் தாழ்த்திப் பேசுவாய். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். நாம் இருவரும் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்று கேட்டால் எனக்கு அந்த மூன்று ஞாயிறுதான் ஞாபகத்துக்கு வருகிறது. உனக்கு எது வருமோ தெரியாது.

பிறகு வீடியோ மெஷின் செத்தது. லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் தேடி அதே படத்தை மூன்று வீடியோ வட்டாக வாங்கி வந்தேன். அதில் படம் முழுசாக இருந்தது. கதவு சாத்தியதும் ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன். "அப்பா, இன்னும் ஓடுது" என்றாய். "ஒரு பாட்டப் போட்டு 'சுபம்'னு போடுவான், தெரிஞ்சதுதானே" என்றேன். வீட்டுக்கு சாட்டிலைட் தட்டு வைத்த பிறகு பழைய படம் போடுகிற சேனலில் அதை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போடுவார்கள். அப்போதும் கதவு சாத்தியதும் எழுந்து போய் முகம் கழுவுவேன். இதை நான் இப்போது ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். முதல் தடவை டேப் தீர்ந்தது விபத்து. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் நிறுத்தியது நான். மிச்சத்தில் அந்த ஆள் வளைந்து கொடுத்துவிடுவாரோ என்று உள்ளுக்குள் பயம் இருந்தது. வளைந்துவிட்டால் அவர் என் ஆள் இல்லாமல் போய்விடுவார். எனக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் படத்தை வைத்துக்கொண்டு, அதைத்தான் நான் நேசித்தேன்.

இனி நீ படிக்க விரும்பாத இடம். எனக்கும் எழுத விருப்பம் இல்லை. நீ ஸ்டெல்லாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளையும் கூட்டிக்கொண்டு ஐந்தாம் மாடி ஏறி வந்தாய். லிப்ட் அன்றைக்கு ஓடவில்லை, இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவள் கையில் ஒரு பழக்கூடை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் கை தானாகவே அதை நான்காக மடித்தது. நாற்காலியில் வைத்தது. எழுந்து வந்தேன். எனக்குச் சொந்தமாக ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை தம்பி. "வெளியே போனவனுக்கு உள்ளே வேலை இல்லை" என்றேன். நீ சிரித்தாய். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாய். "டயலாக் சூப்பர் பா. உள்ள வரட்டுமா?" என்று செருப்பைக் கழற்றப்போனாய். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவனிடம் முடியாது என்று சொல்கிறேன், அவன் சிரிக்கிறான். கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு, வெட்கமாக இருக்கிறது, அந்த 'டக்' சத்தத்துக்காகக் காத்து நின்றேன். உன் அம்மா பின்னால் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னாள். "படம் இன்னும் முடியலங்க." நான் போய்ப் பேப்பரை விரித்தேன்.

சாமிக்காகச் செய்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். மாதாகோயில் பெண்ணை எப்படி ஏற்றுக்கொள்வது என்று கேட்டேன். பொய். வீட்டில் விளக்கேற்றினவள் உன் அம்மா, நான் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறியதே மோர் கிடைக்கும் என்பதற்காக. பாயான் லெப்பாஸில் என்னோடு இருபது வருஷம் சாப்பாட்டு டப்பாவைப் பகிர்ந்துகொண்டவர்களில் பாதிப் பேர் மாதாகோயிலுக்குப் போகிறவர்கள். நீ என்னைக் கேட்காமல் முடிவெடுத்தாய், அதுதான் எனக்கு உறுத்தியது. எல்லோரும் என்னைக் கேட்காமல்தான் முடிவெடுத்தார்கள், நீயும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டாய் என்று தோன்றியது. கம்பெனியில் காட்ட முடியாத ரோஷத்தை உன் மேல் இறக்கிவைத்தேன். அதற்கு ஒரு சாமி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் அந்தப் படத்தை முன்பைவிட அதிகமாகப் பார்த்தேன். செய்தது சரி என்று வாராவாரம் ஒரு ஆள் வந்து சொல்ல வேண்டியிருந்தது. நான் வட்டைப் போட்டால் உன் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். மாதத்துக்கு இரண்டு தடவை சிம்பாங் அம்பாட்டில் ஏதோ கோயில் பூஜை என்று கிளம்புவாள். எந்தக் கோயில் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், பொய் சொல்லத் தெரியாதவள். அதனால்தான் கேட்கவில்லை. சிம்பாங் அம்பாட்டில் இருந்த உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பாலம், மோட்டார் சைக்கிளில் நாற்பது நிமிஷம். முழங்கால் வலியோடு அவள் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள், நான் நல்ல காலை வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தேன்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம், "அவனக் கூப்பிடுங்க" என்றாள். "வந்தா நான் தடுக்கவா போறேன்?" என்றேன். கூப்பிடுவதற்கும் தடுக்காமல் இருப்பதற்கும் வித்தியாசம் தெரியாத வயதா எனக்கு? நான் சாப்பிடக் கீழே இறங்குகிற நேரம் பார்த்து நீ வந்து போனாய் என்பதை அந்த வார்டு நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உன் அம்மா போன பிறகு, அவளைப் பிளாட்டின் கீழே கூடாரம் போட்டுக் கிடத்தியிருந்தோம். நீ எல்லாம் செய்தாய், ஒரு குறை வைக்கவில்லை. மேலே போய் அவளுடைய கல்யாணச் சேலையை எடுத்து வரச் சொன்னார்கள். நீ படிக்கட்டு வரைக்கும் போய் நின்றுவிட்டாய். பக்கத்து வீட்டு மணியம் அண்ணன் "போப்பா, உன் வீடுதானே" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டே, "உள்ள எனக்கு வேலை இல்லண்ணே" என்றாய். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாய், ஆனால் எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாய். பிறகு ஸ்டெல்லா என்னிடம் வந்து, "நான் போகலாமா மாமா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று யாரும் சொல்லாமலே அவள் சேலையை எடுத்து வந்தாள், உன் அம்மா முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். அவளை வெளியே நிறுத்தித்தான் நான் கதவைச் சாத்தினேன். உன் அம்மாவின் கடைசிச் சேலையை அவள்தான் கொண்டுவந்தாள்.

உன் அம்மாவின் போனை நான் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். அதற்குப் பூட்டே கிடையாது, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். திறக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. மூன்று மாதத்துக்கு முன்னால் அவளுடைய பழைய படம் எதையாவது பார்க்கலாம் என்று தடவிக்கொண்டிருந்தபோது, அவள் வீடியோ பார்க்கிற இடத்தில் நம்ம படம் இருந்தது. கீழே ஒரு சிவப்புக் கோடு, கிட்டத்தட்ட முடிவுவரைக்கும் ஓடியிருந்தது. தொட்டேன். அவள் கடைசியாக நிறுத்திய இடத்திலிருந்து ஆரம்பித்தது. தலை நரைத்த ஒரு கிழவன் ஒரு சின்ன வீட்டு வாசலில் நிற்கிறான். வேறு ஏதோ படம் என்று நினைத்தேன். பின்னால் ஒரு புல்லாங்குழல் வாசிக்கிறது. அந்த இசை எனக்குத் தெரியும். வருஷக்கணக்காக, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாத்திரம் கழுவுகிற சத்தத்தோடு சேர்ந்து அடுப்படியிலிருந்து கேட்ட இசை. ஏதோ பக்திப் பாட்டு என்று நினைத்திருந்தேன். அவள் ஒவ்வொரு நாளும் அந்தப் பதினோரு நிமிஷத்தை மட்டும் பார்த்திருக்கிறாள். நான் விட்ட இடத்திலிருந்து.

கிழவன் கதவைத் தட்டினான். மகன் திறந்தான். அப்போதுதான் அந்த மூக்கை அடையாளம் கண்டேன். மேஸ்திரி. அவர் வாயைத் திறக்கிறார், அவருக்கு வசனமே வரவில்லை. படம் முழுக்க அதிகாரமாகப் பேசின மனுஷன், கடைசியில் "கொஞ்சம் தண்ணி" என்கிறார். மகன் கொண்டுவந்து தருகிறான். மருமகள் ஒரு முக்காலியை நகர்த்திப் போடுகிறாள். சுபம். பிறகு நான் பின்னால் நகர்த்தி, கதவு சாத்துகிற இடத்திலிருந்து போட்டேன். தம்பி, கதவைச் சாத்தி முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அந்த ஆள் அதைத் திறக்கிறார். திறந்து தெருவுக்கு ஓடுகிறார். அதற்குள் அவர்கள் வண்டி ஏறிப் போய்விட்டார்கள். மிச்சமெல்லாம் தேடி அலைவதுதான். நான் பிளாட்டின் அந்த அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, உன் அம்மாவைத் திட்டினேன். "சொல்லியிருக்கலாமே, சொல்லியிருக்கலாமே" என்று அவளுடைய படத்தைப் பார்த்துக் கத்தினேன். சொல்லாதே என்று சொன்னது யார்?

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். கடிதம் என்றால் மன்னிப்புக் கேட்பது மட்டும்தான் என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம். அம்மா உன் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். ஸ்டெல்லா அந்தத் துக்க வீட்டிலேயே என்னிடம் சொன்னாள். "அத்த எங்க வீட்டு டிவில அந்தப் படத்தோட கடைசிய மட்டும் போட்டுக் காட்டுவாங்க மாமா, இவரு எழுந்து போயிடுவாரு." அப்போது எனக்கு அவள் சொன்னது புரியவில்லை. இப்போது புரிகிறது. எழுந்து போனாலும் காதில் விழுந்திருக்கும், உனக்கும் முடிவு தெரியும். ஒரு வரி அனுப்பியிருக்கலாம், 'அப்பா, மிச்சத்தைப் பாருங்க' என்று. அனுப்பமாட்டாய். கதவு சாத்துகிற இடத்தில் எழுந்து போகிற புத்தி என் ரத்தம். உன் அம்மாவுக்கு இரண்டு வீடு, இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு ஆள் அந்த இடத்தில் எழுந்து போனான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சிம்பாங் அம்பாட்டுக்கு வந்தேன். உன் முகவரி அவள் போனிலேயே இருந்தது. பாலத்தில் வரும்போது உன்னிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். எந்த வாக்கியத்தை எடுத்தாலும் எங்கேயோ கேட்ட சினிமா மாதிரி இருந்தது. உன் வீட்டுக்கு எதிரே ஒரு மலாய்க்கார அக்காவின் டீக்கடையில் உட்கார்ந்தேன், தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஒரு டீயை ஒரு மணி நேரம் குடித்தேன். அந்த அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். நீ அட்டைப்பெட்டிகளை வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தாய். பின்னந்தலையில் முடி கொட்டியிருக்கிறது. உன் மகள் ஒரு காலிப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள், நீ பெட்டியோடு அவளைத் தூக்கி உள்ளே கொண்டுபோனாய். வெளியே வந்து ஒரு தடவை என் பக்கம் பார்த்தாய். பார்த்துக்கொண்டே நின்றாய். அடையாளம் தெரிந்ததா, இல்லை யாரோ ஒரு கிழவன் என்று நினைத்தாயா, எனக்குத் தெரியாது. நான் கையைத் தூக்கவில்லை. நீ உள்ளே போனதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மிச்சப் பதினோரு நிமிஷத்தைப் பார்க்காமலே மறுபடி எழுந்து வந்துவிட்டேன் என்று பாலத்தில் வரும்போதுதான் உறைத்தது.

அப்பன் என்றால் மகனுக்கு நாலு புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்றிரண்டுதான், அதையும் தப்புச் செய்துதான் கற்றேன். உன் மகளும் ஒரு நாள் உன்னைக் கேட்காமல் ஏதாவது செய்துவிட்டு வந்து நிற்பாள். அன்றைக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல், திட்டு, அழு, தட்டை வீசு, ஆனால் உன் சொந்த வார்த்தையில் செய். பக்கத்தில் ஒருத்தி 'இன்னும் இருக்கு' என்று சொன்னால் கையைக் காட்டி நிறுத்தாதே. உனக்குப் பிடித்த இடம் வந்துவிட்டது என்பதற்காக எதையும் அங்கேயே முடித்துக்கொள்ளாதே. அந்தப் படம் நல்ல படம் தம்பி. முழுசாகப் பார்த்த பிறகு எனக்கு அது இன்னும் அதிகமாகப் பிடிக்கிறது, தினமும் மத்தியானம் அவள் போனில் பார்க்கிறேன். நானும் இப்போது கடைசியை மட்டும்தான் பார்க்கிறேன். தனியாகப் பார்க்கிறேன் என்பதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். இந்தத் தடவை தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுத்தான் வாசலுக்கு வருவேன். பேசுவதற்கு எதுவும் தயார் செய்யவில்லை. தண்ணீரும் கேட்கமாட்டேன், அது அந்த மேஸ்திரியுடையது, இன்னொரு தடவை அவர் வாயிலிருந்து எடுக்கமாட்டேன். நீ கதவைத் திறக்கலாம். திறந்து அந்த வசனத்தை என்னிடம் திருப்பிச் சொல்லலாம், உனக்கு அந்த உரிமை உண்டு, உன் குரலுக்கு அது என்னைவிட நன்றாகவே பொருந்தும். சொல்லிவிட்டுச் சாத்திக்கொள். நான் தட்டமாட்டேன், கூப்பிடமாட்டேன். ஆனால் சாத்தியதும் போய்விடுவேன் என்று மட்டும் நினைக்காதே. கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு வருவேன். பதினோரு நிமிஷம் அந்த வாசலில்தான் நிற்பேன்.

அப்பா